ஓடாத வண்டிக்கும் சார்ஜ்

சாய்ந்தமருதுப் பிரதான வீதியில் பற்றறிக் கடை வைத்திருக்கும் அபுல் ஹஸனிடம் ஓட்டை இல்லாத சட்டை ஒன்றுகூடக் கிடையாது. இருபத்தாறு வருடம் அசிட்டோடு புழங்கினால் அப்படித்தான். நெஞ்சில் மிளகளவு, முழங்கையில் பயறளவு, வயிற்றுப் பக்கம் கடலையளவு என்று ஓட்டைகள் தம் இஷ்டத்துக்கு விழுந்திருக்கும். பெருநாள் சட்டையை மட்டும் தனியாக மடித்து வைப்பார். என்றாவது ஒருநாள் அவசரத்தில் அதையும் போட்டுக்கொண்டு கடைக்கு வருவார். பின்னேரத்துக்குள் அதுவும் மற்றச் சட்டைகளின் இனத்தில் சேர்ந்துவிடும்.

இவ்வளவு அசிட்டுக்கு நடுவே வாழ்கிறவர் துணிச்சல்காரர் என்று நினைத்தால் தவறு. கடையில் அசிட் சிந்தினால் அவர் பதறமாட்டார் என்பது உண்மை. மேசையிலிருக்கும் தகர டின்னைத் திறந்து ஒரு பிடி அப்பச்சோடாவை அள்ளித் தூவுவார். அது நுரைத்துப் பொங்கி அடங்கும். "முடிஞ்சி" என்பார். ஆனால் மகள் ஏறிய பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, காஸ் அடுப்பை மூடியாயிற்றா, கடல் ஏன் இன்றைக்குக் கொஞ்சம் உரத்துக் கதைக்கிறது என்பவற்றுக்கெல்லாம் தூவ அவரிடம் ஒரு சிட்டிகையும் இருந்ததில்லை. வயிற்றுக்கு மட்டும் இருந்தது. நெஞ்செரிவு வந்தால் அதே டின்னிலிருந்து எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார். போதாக்குறைக்குச் சட்டைப்பையிலும் ஒரு சிறு பொட்டலம் வைத்திருப்பார்.

"கடையில உள்ள பற்றறி எல்லாத்தையும் சேத்தாலும் ஹஸன் காக்காட வயித்தில உள்ள அசிட் வராது" என்பான் பக்கத்தில் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் நிஸாம். ஊரில் இளையவர்களுக்கெல்லாம் அவர் காக்கா, மூத்த அண்ணன்.

வேலைக்காகக் கட்டாருக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை வீட்டில் மூடிவைத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்காக அபுல் ஹஸனிடம் ஒரு பிரசங்கம் உண்டு. "வண்டி ஓடல்லதானே எண்டு உட்டுட்டுப் போகாதீங்க மகன். சும்மா நிண்டாலும் பற்றறி தன்பாட்டில இறங்கும். ஊட்டாக்களிட்டச் செல்லி மாசத்துக்கு ஒருக்காச் சார்ஜ் ஏத்துங்க. ஓடாத வண்டிக்கும் சார்ஜ் வேணும்." நிஸாம் இதை மனப்பாடம் செய்து, அவர் குரலிலேயே ஆட்களுக்குச் சொல்லிக்காட்டுவான்.

இரண்டு வருடத்துக்கு முன் மூத்த மகள் ஆகிலாவின் நிக்காஹ் அன்று, மாப்பிள்ளை வீட்டார் வர இருபது நிமிடம் பிந்தியது. அந்த இருபது நிமிடத்துக்குள் அபுல் ஹஸன் மாப்பிள்ளையை இரண்டு விபத்துக்களில் பலிகொடுத்து முடித்திருந்தார். பிறகு உதடு விறைத்தது. கைவிரல்கள் இறால் போல வளைந்து மடங்கின. பாரிசவாதம் என்று பந்தலே எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியது. அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் நிதர்சன் என்கிற இளம் டொக்டர், பக்கத்து ஊர்த் தமிழ்ப் பிள்ளை. சோதித்துவிட்டுச் சிரித்தார்.

"காக்கா, ஒங்களுக்கு வாதமும் இல்ல, மாரடைப்பும் இல்ல. பயத்தில மூச்ச அள்ளி அள்ளி வெளியில விட்டிரிக்கிறீங்க. வெளியில போற அந்தக் காத்து ரெத்தத்தில இரிக்கக்குள்ள ஒருவகை அசிட். சோடாப் போத்தில மூடாம வச்சா காஸ் போகப் போகப் புளிப்புக் குறையுதுதானே? அப்பிடித்தான். ஒங்கட ரெத்தத்தில அசிட் குறைஞ்சிட்டு. அதுதான் விரல் இழுக்குது."

"குறைஞ்சிட்டா?" என்றார் அபுல் ஹஸன். அசிட் கூடிவிட்டது என்றே வாழ்நாளெல்லாம் பயந்தவருக்கு, குறைந்தாலும் பயப்பட இடமிருக்கிறது என்பது புதிய செய்தி.

"நாலு எண்ணி இழுங்க. ஆறு எண்ணி விடுங்க. மெதுவா."

கால்மணி நேரத்தில் விரல்கள் நிமிர்ந்தன. அன்றிலிருந்து அவர் மூச்சு விற்பன்னர் ஆனார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், வெளிநாட்டு வேலைக்கு நேர்முகம் போகிற பெண்கள், முதன்முதலாக விமானம் ஏறப்போகிற ஹாஜிமார் எல்லாரும் கடைக்கு வந்து, பற்றறிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து நாலும் ஆறும் எண்ணிவிட்டுப் போனார்கள். ஊரில் பயந்தவர்களுக்கெல்லாம், ஊரிலேயே ஆகப் பயந்தவர் வைத்தியரானார். இதில் முரண் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அவருடைய பயங்களுக்கெல்லாம் தலைநகரம் இளைய மகள் ஹிமாயா. வயது பதினெட்டு. பதினொரு வயதில் அவளுடைய உடம்பு இன்சுலின் சுரப்பதை அடியோடு நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து நாளுக்கு நாலு ஊசி. சாப்பாட்டோடு போடுகிற சின்ன ஊசி மூன்று, இரவில் போடுகிற நீண்ட ஊசி ஒன்று. அந்த நீண்ட ஊசி இருபத்துநாலு மணித்தியாலமும் மெதுவாக வேலை செய்யும். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் சாப்பிடப் பிந்தி, சீனி இறங்கி, வகுப்பில் விழுந்துவிட்டாள். அதைக் கண்ணால் கண்ட நாள்முதல் அபுல் ஹஸனுக்கு ஏறுகிற சீனியில் பயமில்லை. இறங்குகிற சீனிதான் எதிரி.

இந்த வருடம் நோன்பு வந்தபோது அவள் அடம்பிடித்தாள்.

"ஒனக்குக் கடமை இல்ல மகள். நோயாளிக்கு மார்க்கத்திலயே விலக்கு இரிக்கி" என்றாள் தாய் கமீலா.

"எல்லாரும் புடிக்காங்க உம்மா. நான் மட்டும் பகல்ல கதவ மூடிட்டுச் சோறு தின்னணுமா?"

கிளினிக்கில், நோன்பு பிடிக்க எண்ணினால் ஒரு மாதத்துக்கு முன்பே வந்து கதைக்கும்படி சொல்லியிருந்தார்கள். போனால் வேண்டாம் என்பார்கள், மகள் அழுவாள், அந்த அழுகையைப் பார்க்க ஏலாது என்பதால் அபுல் ஹஸன் போகவில்லை. இரண்டு நாள் தூங்காமல் யோசித்துத் தானே ஒரு திட்டம் தீட்டினார். பகலில் சாப்பாடு இல்லை. சாப்பாடு இல்லாத உடம்பில் ஊசி கிடந்தால் சீனி இறங்கும். ஆகவே நீண்ட ஊசி வேண்டாம். நோன்பு திறந்த பிறகு சின்ன ஊசியில் பாதி. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குக் கொஞ்சம்.

"லோட் இல்லாட்டி என்னத்துக்குச் சார்ஜ்?" என்று கமீலாவுக்கு விளக்கினார். அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. இருபத்தாறு வருடப் பிரசங்கம் அந்த நேரத்தில் அவர் வாயிலேயே இருந்தும் அவர் காதுக்கு எட்டவில்லை.

முதல் நோன்பு நன்றாகப் போனது. இரண்டாம் நோன்பில் ஹிமாயா அடிக்கடி பாத்ரூம் போனாள், நாக்கு வரள்கிறது என்றாள். நோன்பென்றால் நாக்கு வரளத்தானே செய்யும் என்றார்கள். மூன்றாம் நோன்பில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு குமட்டிச் சத்தி எடுத்தாள். தானாக வந்த சத்தியால் நோன்பு முறியாது என்று சொல்லிக்கொண்டு படுத்தாள்.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி முடியும்போது கடைக்குக் கமீலாவின் அழைப்பு வந்தது.

"இஞ்சாருங்க, புள்ள ஒரு மாதிரி மூச்சு வாங்குறாள். கெதியா வாங்க."

சைக்கிளில் ஐந்து நிமிடம். ஹிமாயா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மூச்சு வேகமாக மட்டும் இல்லை, ஆழமாகவும் இருந்தது. ஓடிக் களைத்தவளின் மூச்சு. ஓடாமல் கிடந்தாள் என்பதுதான் வித்தியாசம். அபுல் ஹஸனுக்குப் பயத்தோடு சேர்ந்து ஒரு நிம்மதியும் வந்தது. இது அவருக்குத் தெரிந்த நோய்.

"பயந்திட்டாள். ஒண்டுமில்ல. மகள், வாப்பாவப் பாருங்க. நாலு எண்ணி இழுங்க. ஒண்டு, ரெண்டு..."

அவள் சொன்னபடி கேட்கிற பிள்ளை. இழுத்தாள். ஆறு எண்ணி விடவேண்டிய இடத்தில் மூன்றிலேயே உடம்பு அவளை மீறிக்கொண்டு அடுத்த மூச்சை இழுத்தது. மறுபடி சொன்னார். மறுபடி அடக்கினாள். முகம் வெளிறியது. அடக்க அடக்கக் கண் செருகியது.

"வாப்பா, எண்ண ஏலா. உடுங்க."

"ஏலும் மகள். இன்னொருக்கா."

அவர் குனிந்தபோது அவள் வாயிலிருந்து ஒரு வாசம் வந்தது. அழுகத் தொடங்கிய அன்னாசியும், நிஸாமுடைய கடைப் பெயின்ற் தின்னரும் கலந்தாற்போல. தன் சட்டையை மோந்து பார்த்தார். அதில் இல்லை.

"நீங்க எண்ண எண்ணத்தான் கூடுது" என்றாள் கமீலா. சத்தம் போடாமல் சொன்னாள். அதனால்தான் அது அவருக்குள் இறங்கியது. சீனி பார்க்கும் மெஷினை எடுத்து மகளின் விரலில் குத்தினாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஏறியிருந்தது. எதிரி வாசலில் வருவான் என்று காவல் நின்றவருக்கு, அவன் கொல்லைப்புறத்தால் வந்து குந்தியிருந்ததைக் கண்டது போலிருந்தது.

நிஸாமின் ஓட்டோவில் போனார்கள். வழியெல்லாம் ஹிமாயாவின் மூச்சும் நிஸாம் விடாமல் அடித்த ஹோர்னும்தான் கேட்டன.

அவசர சிகிச்சைப் பிரிவில் அதே நிதர்சன் டொக்டர் நின்றார். ஒரு பார்வை பார்த்தார். சேலைன் ஏற்றச் சொன்னார். மணிக்கட்டில் ரெத்தம் எடுத்து ஐஸில் வைத்து அனுப்பினார். ஹிமாயா அந்த நிலையிலும் மூச்சை அடக்க முயல்வதைக் கண்டு திரும்பினார்.

"ஆரு இவட்ட மெதுவா மூச்செடுக்கச் சொன்ன?"

"நீங்கதான் டொக்டர்" என்றார் அபுல் ஹஸன்.

டொக்டருக்கு நிக்காஹ் பந்தல் ஞாபகம் வந்தது. "அது ஒங்களுக்குச் சொன்ன காக்கா. இவக்கில்ல. தங்கச்சி, நீங்க அடக்க வேணாம். உடம்பு கேக்கிறபடி எடுங்க." பிறகு அபுல் ஹஸன் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், "ஒங்களுக்கு அண்டைக்கு மூச்சுத்தான் நோய். இவக்கு மூச்சுத்தான் மருந்து. ரெத்தத்தில அசிட் நிறைஞ்சி போச்சு. நுரையீரல் அதக் காத்தாக்கி வெளியில தள்ளுது. இவ்வளவு நேரமும் இவவத் தாங்கிப் புடிச்சது அந்த மூச்சுத்தான்."

தாங்கிப் பிடித்ததைத்தான் அரைமணி நேரமாக, நாலும் ஆறும் எண்ணி, இவர் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

ரெத்தம் சோதிக்கும் மெஷினிலிருந்து ஒரு கடதாசித் துண்டு வந்தது. "ஏழு தசம் பூச்சியம் எட்டு" என்றார் டொக்டர். "ஏழு தசம் மூணு அஞ்சுக்கும் நாலு அஞ்சுக்கும் இடையிலதான் ரெத்தம் நிக்கவேணும். இந்த எண் இறங்க இறங்க அசிட் கூட எண்டு அர்த்தம்."

அபுல் ஹஸனுக்கு எண்கள் புரியும். கண்ணாடிக் குழாயில் அசிட்டை உறிஞ்சி, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நாளுக்கு முப்பது தடவை பார்க்கிறவர். செத்துப்போன பற்றறியைக்கூட அவர் எழுப்பிவிடுவார். அல்லாஹ் ஒரு பற்றறிக்குக் கொடுத்த தாராளத்தை மனிதனுடைய ரெத்தத்துக்குக் கொடுக்கவில்லையே என்று நினைத்தார். நினைத்ததற்காக உடனே அஸ்தஃபிருல்லாஹ் சொன்னார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்தார்.

"டொக்டர், அசிட்டுக்கு இதுதான். அப்பச்சோடா. கரைச்சு ஏத்த ஏலாதா?"

நேர்ஸ் சுல்பிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டொக்டர் சிரிக்கவில்லை.

"சரியான சாமான்தான் காக்கா. இவட ரெத்தத்தில இதே சோடா ஏற்கெனவே இரிந்த. ஒங்கட ரெத்தத்திலயும் இரிக்கி. அசிட் வர வர நுரைச்சு, தன்னையே கொடுத்துக் கொடுத்து, இப்ப அடித்தட்டுக்கு வந்திட்டு. கிட்னி மூத்திரத்தோட அசிட்ட அனுப்பி, புதுச் சோடாவும் செய்து குடுக்கும். ஆனா அது நாள்கணக்கு வேலை. நுரையீரல்தான் நிமிசக்கணக்கு."

"அப்ப கொஞ்சம் போடுங்களன்."

"இன்னும் மோசமாப் போனா யோசிப்பம். பைப்பத் திறந்து உட்டுட்டுத் தரையத் துடைக்கிறதால என்ன? பைப்ப மூடுறது இன்சுலின். அது ஓடத் தொடங்கிட்டு." டொக்டர் கட்டிலோடு தொங்கிய தாளில் ஏதோ எழுதினார். தலை நிமிராமலே கேட்டார். "நீண்ட ஊசி கடைசியா எப்ப போட்ட?"

ஹிமாயாவால் பேச முடியவில்லை. கமீலா கணவனைப் பார்த்தாள். அபுல் ஹஸனிடம் ஒரு பதில் தயாராகவே இருந்தது: பிள்ளை மறந்திட்டாள் டொக்டர். அதைச் சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. மறுக்கக்கூடியவளுக்கு மூச்சு விடவே நேரமில்லை. அந்த வசதியை நினைத்தபோதுதான் அவருக்கு நெஞ்சு எரிந்தது.

"மூணு நாளைக்கு முந்தி. நான்தான் நிப்பாட்டின."

"ஏன்?"

"சாப்பாடு இல்லதானே எண்டு."

டொக்டர் பேனையை மூடினார். "சாப்பாடு இல்லாட்டியும் இன்சுலின் வேணும் காக்கா. அது இல்லாட்டி உடம்புக்குச் சீனிய எரிக்கத் தெரியாது. பக்கத்தில குவிஞ்சு கிடந்தாலும் பட்டினிதான். அப்ப கொழுப்ப எரிக்கும். கொழுப்பு எரிஞ்சு வாறதுதான் இந்த அசிட். வாயில தின்னர் மாதிரி ஒரு மணம் வந்திருக்குமே, அதுவும் அதிலயிருந்துதான். சும்மா படுத்துக் கிடந்தாலும் உடம்புக்கு..."

"ஓடாத வண்டிக்கும் சார்ஜ் வேணும்" என்றார் அபுல் ஹஸன்.

"அதேதான். ஆரு ஒங்களுக்குச் சொன்ன?"

கதவோரம் நின்ற நிஸாம் தரையைப் பார்த்தான்.

டொக்டர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். "மூச்சு மெதுவானா நல்லம். ஆனா அசிட் இறங்கி மெதுவாகணும். களைச்சுப்போய் மெதுவானா அது வேற கதை. நாங்க பாத்துக்கொண்டிருப்பம்."

இப்படி ஒரு வாக்கியத்தை அபுல் ஹஸனிடம் கொடுத்துவிட்டுப் போவது, சின்னப் பிள்ளை கையில் நெருப்புப்பெட்டியைக் கொடுப்பது போன்றது. அவர் கட்டிலுக்கு எதிரே நின்று எண்ணத் தொடங்கினார். நிமிடத்துக்கு முப்பத்தாறு. சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்து மறுபடி. முப்பத்தாறு. முப்பத்தைந்து. குறைந்தால் பயம், குறையாவிட்டாலும் பயம். இப்படி இரண்டு பக்கமும் கூரான கத்தி அவருக்கு இதற்கு முன் அகப்பட்டதில்லை.

மஃரிப் பாங்கு கேட்டது. நிஸாம் வாசலில் பள்ளிவாசல் கஞ்சியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்தான். அபுல் ஹஸன் வெளியே வந்து ஒரு மிடறு தண்ணீரில் நோன்பு திறந்தார். கிளாஸைப் பிடித்த விரல்களில் எறும்பு ஊர்ந்தது. உதடு விறைத்தது. தன் மூச்சு எப்போது ஓடத் தொடங்கியது என்று அவருக்கே தெரியவில்லை.

"காக்கா, இப்ப நீங்க விழுந்தா கட்டில் இல்ல. ஒங்கட நாலையும் ஆறையும் ஒங்களுக்கே எண்ணுங்க" என்றான் நிஸாம்.

எண்ணினார். நாலு எண்ணி இழுத்தார், ஆறு எண்ணி விட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மகள் அள்ளி அள்ளி மூச்சு விடவேண்டும். இந்தப் பக்கம் அவர் விடக்கூடாது. ஒரே வீட்டு ரெத்தம், ஒரே காற்று. அவளுக்கு உயிர் கொடுப்பது இவருக்கு விரலை மடக்குகிறது. விரல்கள் மெல்ல நிமிர்ந்தன. அதனால் அவருக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை.

உள்ளே திரும்பிவந்து பார்த்தபோது ஹிமாயாவின் மூச்சு இருபத்தாறாக இருந்தது.

கண் மூடியிருந்தது. இது எந்த மெதுவு? இறங்கிய மெதுவா, களைத்த மெதுவா? கமீலா கட்டிலோரம் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள். அவர் சுல்பிகாவைத் தேடி ஓடினார்.

"மிஸ், மூச்சுக் குறைஞ்சிட்டு. புள்ள கண்ணத் திறக்கிறாள் இல்ல."

சுல்பிகா வந்தாள். தோளைத் தட்டிப் பெயர் கேட்டாள். பதில் வரப் பிந்தியது. அந்தப் பிந்தலில் அபுல் ஹஸன் மகளின் ஏழு வயதையும் பதினொரு வயதையும் பார்த்து முடித்திருந்தார். பிறகு "ஹிமாயா" என்று சின்னதாக, எரிச்சலோடு ஒரு குரல் வந்தது. நித்திரையைக் குழப்பியவர்களிடம் வருகிற எரிச்சல். சுல்பிகா மறுபடி ரெத்தம் எடுத்து அனுப்பினாள். கடதாசி வர எடுத்த நேரத்தை அவர் மூச்சாலேயே அளந்தார். மகளுடையது நூற்று எழுபது. தன்னுடையதை எண்ண மறந்துபோனார்.

"ஏழு தசம் ஒண்டு ஒம்பது" என்றாள் சுல்பிகா. "ஏறுது வாப்பா. இது நல்ல மெதுவு."

அபுல் ஹஸன் நடைபாதை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஓட்டைச் சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டார். முழங்கை ஓட்டைக்கூடாக எல்லாம் தெரிந்தது.

விடிந்து பார்த்தபோது ஏழு தசம் மூன்று ஒன்று. "இன்னும் நாலு குறையுதே மிஸ்" என்று அவர் முறையிட்டார். மிச்சத்தைக் கிட்னி பார்த்துக்கொள்ளும், அதற்கு நேரம் கொடுங்கள் என்றாள் சுல்பிகா. ஓடாமல் பறக்காமல் மூலையிலிருந்து நாள்கணக்கில் வேலை செய்கிற ஒன்று தன் உடம்புக்குள்ளும் இருக்கிறது என்று நம்ப அபுல் ஹஸனுக்குச் சிரமமாக இருந்தது.

ஹிமாயா கண் விழித்திருந்தாள். தின்னர் வாசம் போயிருந்தது.

"மகள், வாப்பா செஞ்ச பிழ."

"நானும்தான் கேட்டன். கிளினிக்குக்குப் போவம் எண்டு நானும் செல்லல்லயே." அவர் உதடு அசைவதைப் பார்த்தாள். "இப்பயும் என்ட மூச்ச எண்ணுறீங்களா?"

"இல்ல" என்றார். பதினெட்டு என்று எண்ணி முடித்திருந்தார்.

மிச்ச நோன்பை அவள் பிடிக்கவில்லை. பகல் ஒரு மணிக்குக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே சோறு சாப்பிட்டாள். நோன்பாளியான தகப்பன் கடையைப் பூட்டிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்திருப்பார். முதல் நாள் ஊசிப் பேனையை எடுத்து அவர்தான் மருந்தளவு யூனிட் திருப்பப் போனார். ஹிமாயா பேனையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

"இத நான் எண்ணுறன் வாப்பா. நீங்க நாலையும் ஆறையும் எண்ணுங்க."

அவர் எண்ணினார். அவளும் எண்ணினாள். இருவரும் சரியாகத்தான் எண்ணினார்கள். ஆனாலும் அவள் கைகழுவ எழுந்ததும் பேனையை எடுத்து, எவ்வளவு மருந்து குறைந்திருக்கிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அடுத்த நாளும் பார்த்தார். நீண்ட ஊசி போடுகிற நேரத்துக்கு, தறாவீஹ் தொழுகை முடிந்த கையோடு, செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தார்.

பெருநாளுக்கு அடுத்த கிழமை, கட்டாருக்குப் போகிற றிப்தி மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ரெண்டு வருசம் சும்மா நிக்கப் போகுது காக்கா. பற்றறியக் கழட்டி வச்சிட்டுப் போனாச் சரிதானே?"

பக்கத்துக் கடையில் நிஸாமின் பெயின்ற் துப்பாக்கி நின்றது. பிரசங்கத்துக்காக அவன் காது கொடுத்திருந்தான். அபுல் ஹஸன் வாயைத் திறந்தார். சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். ஹிமாயா ஊசி போட்டுச் சோறு சாப்பிடும் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"இரிங்க மகன், வந்து செல்லுறன்" என்றுவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.